வாசலில் சிவப்புத் துணி

சந்தையைத் திறந்தது தப்பு. திறக்கச் சொன்னவர் பாய் கெங்.

சீனத்து மலையூர் அது. இருமலும் காய்ச்சலும் வீடு வீடாகப் பரவியதால் சந்தையை மூடி வைத்திருந்தார்கள். வைத்தியசாலையில் பாய் கெங் அதிமதுரமும் மூலிகைகளும் போட்டுக் கஷாயம் காய்ச்சி ஊருக்கே ஊற்றினார். குணமானவர்கள் வைத்தியசாலை வாசலில் சிவப்புத் துணி கட்டுவது அங்கே வழக்கம். வாசல் சிவந்துபோனது.

"இதைக் குடிச்சவங்களுக்குப் பயமில்லை. சந்தைக்குப் போகலாம்" என்றார்.

போனார்கள். காய்ச்சலும் கூடவே போனது. சாவு பெருகியது.

அவருடைய ஆசான் யுன் ஷூ. பெண். அவரைவிட வயதில் சின்னவர். நரைத்த பிறகு படிக்க வந்தவர் என்று பாய் கெங்கை ஊரில் கேலி பேசுவார்கள்.

"இத்தனை துணியும் பொய்யா அம்மா?"

"பொய்யில்லை. செத்தவங்க துணி எங்கே?"

சாவு வீட்டுக்காரர்கள் வைத்தியசாலை வாசலை மிதிக்க மாட்டார்கள். அபசகுனம். இது பாய் கெங்குக்குத் தெரியாததில்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

யுன் ஷூ எழுந்து நடந்தார். ஆற்றைக் கடந்தார். பாய் கெங் பின்னாலேயே போனார். அக்கரைக்குக் கஷாயம் போகவில்லை. அங்கே ஒருவன் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"இங்கே காய்ச்சல் வந்ததா?"

"வந்துது. போச்சு."

"என்ன குடிச்சீங்க?"

"கஞ்சி. வேற என்ன, அரண்மனை விருந்தா?"

"எல்லாருக்கும் போயிடுச்சா?"

"முக்காவாசிப் பேருக்குக் காய்ச்சல் போச்சு. மிச்சப் பேரு ஆளே போயிட்டாங்க."

திரும்பும் வழியில் பாய் கெங் தலையை நிமிர்த்தவில்லை.

"அப்போ என் கஷாயம் வீண்தானா?"

"தெரியாது."

"உங்களுக்குமா தெரியாது?"

"பிழைச்சவங்களை மட்டும் பார்த்தா எவளுக்குத் தெரியும்? செத்தவங்க எத்தனை பேர்னு ரெண்டு கரையிலும் கேட்டிருக்கணும். கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

நேராகச் சந்தைக்குப் போனார். "மூடுங்க. நான் சொன்னது தப்பு" என்றார்.

கறிக்கடைக்காரன் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தான். "அன்னைக்குப் போங்கன்னீங்க. இன்னைக்குப் போகாதீங்கன்றீங்க. நாளைக்கும் வாங்க வைத்தியரே, மூணாவதா ஒண்ணு இருக்கும்!"

சந்தையே சிரித்தது. ஒரு கடைகூட மூடவில்லை. பாய் கெங் வைத்தியசாலைக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

காலையில் வாசலில் ஒரு வெள்ளைத் துணி. சாவுத் துணி. பிறகு இன்னொரு வீட்டிலிருந்து ஒன்று. பிறகு வரிசையாக வந்தார்கள், அழுதுகொண்டே. சிவப்பு மறைந்தது. ஊர் நின்று பார்த்தது. யாரும் சொல்லாமலே கடைகள் மூடின.

பாய் கெங் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டார்.

"நீங்க வரச் சொன்னீங்களா அம்மா?"

"நான் சொன்னா யார் வழக்கத்தை மீறுவா?"

"அப்போ முதல்ல வந்தது யாரு?"

"உங்க பேச்சை நம்பிப் புருஷனைச் சந்தைக்கு அனுப்பினவ. பேரு லான் சியூ."