கடிவாளம் தொங்கிய கொட்டில்கள்

முன்னொரு காலத்தில் என்றுதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும். எந்த நாடு, எந்த ராஜா என்று நோண்டிக் கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு என் கழுத்து வேண்டும். ராஜாவுக்கு வீரகேசரி என்று பேர் வைத்துக்கொள்வோம்.

வீரகேசரிக்கு ஒரு தம்பி இருந்தான். அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரு நல்ல குதிரையில் ஏறி எல்லையைத் தாண்டிப் போய்விட்டான். தம்பி போனதில் ராஜாவுக்கு வருத்தமில்லை. குதிரை என்று ஒன்று கைக்கெட்டுகிற இடத்தில் இருந்ததால்தானே போனான் என்று யோசித்தார். ராஜா யோசித்தால் குடிகளுக்குக் கஷ்டகாலம். நாட்டிலுள்ள குதிரையெல்லாம் இனி அரண்மனை லாயத்தில்தான் நிற்க வேண்டும், உள்ளே இடமில்லை என்றால் கொட்டில் காலியாகும்வரை லாயத்து வாசலில் வரிசையாக நிற்க வேண்டும், வரிசையிலிருந்து குதிரையை வீட்டுக்கு ஓட்டிப் போகிறவன் கை வெட்டப்படும் என்று முரசறைந்தார்கள்.

வரிசை கோட்டைச் சுவர் நெடுகப் போயிற்று. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பொதி சுமக்கிற மட்டக்குதிரை, வைத்தியர் குதிரை, வண்டிக்குதிரை எல்லாம் வெயிலில் நின்றன. சொந்தக்காரர்கள் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார்கள். ஏதாவது குதிரை விழுந்து செத்தால், பின்னால் நிற்கிறவன் ஓர் அடி முன்னால் நகர்ந்துகொள்வான். அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது.

லாயத்துக்குள்ளே இருந்த கதி அதைவிட வேடிக்கை. உள்ளே ஒரு குதிரைகூட இல்லை. ஆமாம், ஒன்றுகூட இல்லை. ராஜாவின் பாட்டனார் காலத்து வழக்கம் ஒன்று இருந்தது. போருக்கோ யாத்திரைக்கோ போன பிரபுவின் கொட்டிலை இன்னொருவன் பிடித்துக்கொள்ளாதிருக்க, அவருடைய குதிரையின் மாற்றுக் கடிவாளத்தைக் கொட்டில் தூணில் மாட்டிவைப்பார்கள். கடிவாளம் தொங்கினால் அங்கே குதிரை நிற்கிறது என்று கணக்கு. இப்போது பிரபுக்கள் யாரும் போருக்கும் போகவில்லை, யாத்திரைக்கும் போகவில்லை. கடிவாளத்தை மட்டும் மாட்டிவிட்டு, குதிரையைத் தங்கள் மாளிகையில் நிழலில் கட்டிக்கொண்டார்கள். எல்லாருக்கும் முதலில் மாட்டியவர் ராஜாவின் தலைமை மந்திரி, பிரதானி அனந்தபத்மர். ஒவ்வொரு கடிவாளத்துக்கும் தினம் அளந்து கொட்டின கொள்ளுத் தீனியைப் பெருச்சாளி தின்றது. கூரை ஒழுகியது, தண்ணீர்த் தொட்டியில் தவளை குடித்தனம் நடத்தியது, பழைய சாணம் காய்ந்து பாறையாகிக் கிடந்தது. குதிரையில்லாத லாயத்தை யார் கூட்டுவார்கள்?

இவ்வளவுக்கும் ராஜாவுக்கு உறைக்கவில்லை. அவருக்கு உறைத்தது வேறு. வரிசையில் நின்ற குதிரைகள் தண்ணீருக்காகக் கனைத்த சத்தத்தில் அவருடைய மத்தியானத் தூக்கம் கெட்டுப்போயிற்று.

மறுநாள் காலை சபையில் சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தார். "நாளை உச்சிவேளைக்குள் லாயத்து வாசலில் ஒரு குதிரையும் நிற்கக் கூடாது. யார் செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"உத்தரவானால் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிடலாம், மகாராஜா" என்றார் தளவாய். சுலபமான யோசனைதான். அவருடைய குதிரை வீட்டில் இருந்தது.

சபையில் மருதக்கூத்தன் என்று ஒரு விகடன் இருந்தான். ராஜா சிரிக்கிற நாள் குறைவு. அப்படிச் சிரித்தால் அது இவனால்தான் இருக்கும். அதனாலேயே பிரதானிக்கு இவனைக் கண்டால் ஆகாது. கூத்தன் எழுந்து கைகட்டி நின்றான்.

"மகாராஜா, வெட்டுவானேன்? லாயத்தில் கொட்டில்கள் காலியாகத்தானே இருக்கின்றன. உள்ளே விட்டுவிடலாமே."

பிரதானி விருட்டென்று எழுந்தார். "மகாராஜா, இவன் தங்கள் பாட்டனாரை அவமதிக்கிறான். ஒவ்வொரு கொட்டிலிலும் கடிவாளம் தொங்குகிறது. கடிவாளம் இருக்குமிடத்தில் குதிரை இருக்கிறது. கடிவாளம் இல்லாத இடத்தில் குதிரை இல்லை. இது தங்கள் குலத்து வழக்கம். அதை மாற்ற இவன் யார்?"

பாட்டனார் பேரை எடுத்தால் வீரகேசரி உருகிவிடுவார். "பிரதானி சொல்வது சரி. என் பாட்டனார் வழக்கம்தான் இந்த நாட்டில் சட்டம்" என்றார்.

"தேவரீர் சித்தம்" என்ற பிரதானி அதோடு விடவில்லை. "வரிசைக் குதிரைகள்மேல் கூத்தனுக்கு இரக்கம் அதிகம் போலிருக்கிறது. வரிசையை ஒழிக்கும் பொறுப்பை அவனிடமே ஒப்படைக்கலாம். புதுக் கொட்டில் கட்டக் கூடாது. லாயத்திலுள்ள குதிரை எதையும் வெளியேற்றக் கூடாது. வரிசையிலுள்ள குதிரை எதையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முடியாவிட்டால் குதிரைகளோடு அவன் தலையையும் எடுத்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்று ராஜா கொட்டாவி விட்டார்.

கூத்தன் நேரே லாயத்து வாசலுக்குப் போனான். வரிசையின் நடுவில் ஒரு செவலைப் பெட்டைக் குதிரை வயிறு தொங்க நின்றது. அதற்கு நிழல் கிடைக்கட்டும் என்று ஒரு பெண் தன் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழகுநாச்சி என்று பேர். உப்பளத்திலிருந்து ஊர் ஊராக உப்புப் பொதி கொண்டுபோய் விற்கிறவள். புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகளை அண்டைவீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"இது எப்ப ஈனும்மா?" என்று கூத்தன் கேட்டான்.

"இன்னைக்கு ஈனிடும் சாமி. காம்புல மெழுகு கட்டிடுச்சு. செத்த நேரம் உள்ள விடச் சொல்லுங்க. மூலையில கெடக்கட்டும். ஈனினதும் வெளிய இழுத்துட்டு வந்துர்றேன். இது போச்சுன்னா எங்க பொழப்பு போச்சு சாமி. எம்புள்ளைகளுக்கு வேற கதி இல்ல."

கூத்தன் வாசல் சேவகனைப் பார்த்தான். முத்திருளன் என்கிற அந்தச் சேவகன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு மட்டும் மனசு இல்லையாண்ணே? உள்ள விட்டா நாளைக்கு என் கையி இருக்காது. எனக்கும் வீடு வாசல் இருக்கு."

பிரதானியின் கொட்டிலையாவது ஒரு பொழுதுக்குத் தரச் சொல்லலாம் என்று கூத்தன் ஓட்டமும் நடையுமாக அவர் மாளிகைக்குப் போனான். பிரதானி ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "என் குதிரை அங்கே நிற்கிறதே. ஒரு கொட்டிலில் இரண்டு குதிரை எப்படி நிற்கும்?" என்றார். சொல்லும்போது அவருடைய வெள்ளைக் குதிரை பின்கட்டில் கனைத்தது. அவர் வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவரையெல்லாம் எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கூத்தன் திரும்பி வருவதற்குள் செவலை தரையில் கிடந்தது. குட்டி பாதி வந்து சிக்கிக்கொண்டிருந்தது. அழகுநாச்சி மண்டியிட்டு இழுத்தாள். வரிசையில் நின்ற வைத்தியரும் தன் குதிரையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து இழுத்தார். பொழுது சாய்கிற நேரத்தில் குட்டி உயிரோடு வந்து விழுந்தது. செவலை ஒரு தடவை தலையைத் தூக்கிக் குட்டியை முகர்ந்து பார்த்தது. அப்புறம் தலையைக் கீழே போட்டது, எழுந்திருக்கவில்லை.

அழகுநாச்சி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்னால் நின்ற வண்டிக்காரன்கூட அன்று முன்னால் நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முத்திருளன் வந்தான். "குட்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போ தாயி. அத வரிசையில நிறுத்த வேண்டாம்."

"ஏன்? அது குதிர இல்லையா?" என்று அழகுநாச்சி சீறினாள்.

"அதுக்குக் கடிவாளம் இல்ல. கடிவாளம் இல்லாதது குதிரைக் கணக்குல வராது. சபையில அப்படித்தான் பேசி முடிச்சிருக்காங்க."

கூத்தன் அவனை உற்றுப் பார்த்தான். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றான். முத்திருளன் சொன்னான். கூத்தன் புழுதியில் உட்கார்ந்துவிட்டான்.

"எடுத்துட்டுப் போயி என்ன பண்றது சாமி? தாய்ப்பால் இல்லாம இது எத்தன நேரம் தாங்கும்?" என்றாள் அழகுநாச்சி. "வரிசையில பால் குடுக்குற குதிர ஒண்ணும் இல்ல. பிரதானி வீட்டு வெள்ளக் குதிர நாலு நாளைக்கு முந்தி செத்த குட்டி போட்டுச்சாம். பால் கட்டிக்கிட்டு அலறுதாம். புல்லுக்கட்டுக்காரி சொல்லிட்டுப் போனா. சும்மா தரையில பீச்சி விடுறாங்களாம்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இத உயிரோட வச்சிரு. ஆட்டுப்பால் கெடச்சா துணியில நனைச்சுக் குடு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான் கூத்தன். அதைச் சொல்லும்போது அவன் கழுத்தே அவனுடையதாக இல்லை என்பதை மறந்துவிட்டான் போலும்.

மறுநாள் உச்சிவேளையில் ராஜா பல்லக்கில் வந்து இறங்கினார். பின்னால் பிரதானி, தளவாய், உருவிய வாளோடு வீரர்கள். கோட்டைச் சுவர் நெடுகப் பார்த்தால் நிற்கிற குதிரை ஒன்றுகூட இல்லை. ஓரமாக, வைக்கோல் போட்டு மூடிய செவலைக்குப் பக்கத்தில், ஒரு பெண் மடியில் எதையோ போட்டுத் துணியை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"குதிரைகள் எங்கே?" என்று கேட்டார் ராஜா.

"லாயத்துக்குள்ளே பத்திரமாக இருக்கின்றன, மகாராஜா" என்றான் வாசலில் நின்ற கூத்தன்.

ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு லாயத்துக்குள் நுழைந்தார். கொட்டிலுக்குக் கொட்டில் பிரபுக்களின் கடிவாளங்கள் அப்படியே தொங்கின. அவற்றின் மேலேயே தோல் கடிவாளம், கயிற்றுக் கடிவாளம், கந்தல் சுற்றிய கடிவாளம் என்று கொத்துக்கொத்தாக மாட்டியிருந்தது.

"புதுக் கொட்டில் கட்டவில்லை. உள்ளே இருந்த குதிரை எதையும் வெளியேற்றவில்லை. வரிசைக் குதிரை ஒன்றைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை. எல்லாம் இங்கேயே இருக்கின்றன. தாங்கள் எண்ணிப் பார்க்கலாம்" என்றான் கூத்தன்.

"வரிசையில் நின்ற அந்த மிருகங்கள் எங்கே?" என்று பிரதானி கத்தினார்.

"அவற்றுக்குக் கடிவாளம் இல்லை, பிரதானி அவர்களே. கடிவாளம் இல்லாத இடத்தில் குதிரை இல்லை என்று தாங்கள் சொன்னீர்கள். குதிரையல்லாத சில நாலுகால் பிராணிகள் காலையில் இந்தப் பக்கமாக நடந்து போயின. எங்கே போயின என்று நான் கேட்கவில்லை."

"மோசடி, மகாராஜா. இது வெறும் தோல். வெறும் கயிறு."

கூத்தன் முதல் கொட்டிலுக்குப் போய் அங்கே தொங்கிய பிரதானியின் வெள்ளிப்பூண் கடிவாளத்தை விரலால் தொட்டான். "இதுவும் வெறும் தோல்தானா? அப்படியானால் தங்கள் குதிரை இந்த லாயத்தில் இல்லை. வேறெங்கே இருக்கிறது என்று மகாராஜாவிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் குதிரை வைத்திருப்பதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

தளவாய் ஓரடி பின்னால் தள்ளி நின்றார்.

"அது... குதிரைதான், மகாராஜா" என்றார் பிரதானி கடைசியில்.

ராஜா அவர் முகத்தையே பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ராஜா சிரித்ததும் தளவாய் சிரித்தார், வீரர்கள் சிரித்தார்கள். நாட்டில் குதிரையெல்லாம் மறுபடியும் அவரவர் வீட்டில் இருக்கிறது என்பதோ, தம்பி போன வழியில் இன்னும் எத்தனையோ பேர் போகலாம் என்பதோ அவருக்கு அப்போது தோன்றவில்லை. சத்தம் நின்றுவிட்டது, இனித் தூங்கலாம். அவ்வளவு போதும் அவருக்கு.

கையிலிருந்த பொன் காப்பைக் கழற்றிக் கூத்தனிடம் நீட்டினார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"முதல் கொட்டிலில் நிற்கிற குதிரையைக் கொடுங்கள், மகாராஜா."

பிரதானிக்கு உயிர் வந்தது. வெறும் கடிவாளத்தோடு தொலைந்தானே என்று அவரே பாய்ந்து அதை எடுத்துக் கூத்தன் கையில் திணித்தார். "இதோ, என் குதிரை. மனமுவந்து தருகிறேன்" என்றார் எல்லாரும் கேட்க.

கூத்தன் வெளியே வந்து கடிவாளத்தை அழகுநாச்சியிடம் கொடுத்தான். "பிரதானி தன் குதிரைய உனக்குக் குடுத்துட்டாரும்மா. மகாராஜாவே சாட்சி. அவரு மாளிகைப் பின்கட்டுல கடிவாளம் இல்லாத வெள்ளப் பிராணி ஒண்ணு நிக்குது. அது குதிரை இல்ல, அதனால யாருக்கும் சொந்தமில்ல. போயி அதுக்கு இத மாட்டி ஓட்டிக்கிட்டு வா. சீக்கிரம் போ."

பிரதானி "மகாராஜா" என்று இழுத்தார். ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டதால் அவருக்கு அது கேட்கவில்லை.

முத்திருளன் துணைக்குப் போனான். அழகுநாச்சி வெள்ளைக் குதிரையோடு திரும்பி வந்தபோது குட்டிக்குத் தலை நிற்கவில்லை. குதிரை அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் காதை மடக்கி உதைத்தது. அவள் அந்தக் குதிரையின் பாலையே கையில் பீச்சி, குட்டியின் தலையிலும் முதுகிலும் பூசி, மறுபடியும் கொண்டுபோய் நிறுத்தினாள். மறுபடியும் உதை. இன்னும் பூசினாள். பால் கட்டி வலித்ததோ, வாசம் பழகியதோ, கடைசியில் குதிரை அசையாமல் நின்றது. குட்டி தடுமாறித் தடுமாறிக் காம்பைக் கண்டுபிடித்தது. அழகுநாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செவலையை அன்று சாயங்காலம் சுவரோரமாகப் புதைத்தார்கள். கூத்தனும் மண் தள்ளினான்.

மறுநாள் ராஜா நன்றாகத் தூங்கி எழுந்து கூத்தனைக் கூப்பிட்டார். "அந்த லாயத்து வேடிக்கையை முதலிலிருந்து சொல்" என்றார். கூத்தன் சொன்னான். முந்தானையை விரித்துப் பிடித்த பெண்ணைச் சொன்னான், ராஜா சிரித்தார். செவலை குட்டியை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் கீழே போட்டதைச் சொன்னான். ராஜா அதற்கும் சிரித்தார். கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டே இன்னொரு காப்பைக் கழற்றிக் கொடுத்தார். கூத்தன் குனிந்து அதை வாங்கிக்கொண்டான்.