வரிசை சொல்லும் சிலந்தி வாயை மூடிக்கொண்ட கதை

மிருகங்களும் பூச்சிகளும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காடு முழுவதற்கும் ஒரே ஒரு வலைதான் இருந்தது. மலையடியில் தொடங்கி ஆற்றங்கரை வரைக்கும் மரத்துக்கு மரம் நூல் ஓடும். கட்டியவள் சிலந்தியம்மா. அவரவருக்குத் தெரிந்ததை ஓர் இலையில் பழச்சாற்றால் எழுதி அந்த வலையில் தொங்கவிடுவார்கள். எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது என்று குரங்கு எழுதும். காய்ச்சலுக்கு எந்த வேர் என்று செம்போத்துப் பறவை எழுதும். யாருக்கு என்ன தேவையோ, பக்கத்து நூலைச் சுண்டிக் கேட்டால் போதும். சிலந்தியம்மா வலை முழுக்க ஓடிப் படித்துவிட்டு வந்து, "முதலில் இன்னார் இலையைப் பார், அடுத்தது இன்னாருடையது" என்று வரிசை சொல்வாள். இன்று நாம் கைபேசியில் ஒரு வார்த்தையைத் தட்டித் தேடுகிறோமே, அதே போலத்தான்.

தேடி வருகிறவர்கள் முதல் இரண்டு மூன்று இலைகளோடு திரும்பிவிடுவார்கள். கடைசியில் தொங்குகிற இலை காற்றில் ஆடிக்கொண்டே கிடக்கும்.

அந்த வருஷம் மழை வரவே இல்லை. ஆறு மணலாகிப் போனது. அந்த மணலில் கொடுக்காயி என்று ஒரு நண்டுத் தாய் இருந்தாள். வயிற்று மடிப்புக்குள் பொடிப்பொடியாகக் குஞ்சுகள். அவள் வளைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பாறை. போன வெள்ளத்தில் உருண்டு வந்து ஒரு நல்ல ஊற்றின் வாயில் உட்கார்ந்துகொண்டது. காலை அழுத்தி வைத்தால் அடியில் தண்ணீர் ஊறுவது அவளுக்குத் தெரியும். ஆனால் பாறையைப் புரட்ட நண்டுக்கு ஏது பலம்? பலமுள்ள யாராவது வந்தால் ஊரே குடிக்கலாம். வராவிட்டால் முதலில் போவது அவள் மடியில் இருக்கிற பிள்ளைகள்.

"கடவுளே, யார் கண்ணிலாவது காட்டு" என்று கும்பிட்டுவிட்டு, ஊற்று இருக்கும் இடத்தை ஒரு புங்க இலையில் எழுதித் தொங்கவிட்டாள். பொழுது சாய்ந்தது. ஒருவரும் வரவில்லை. பெற்ற வயிறு பொறுக்குமா? நேராக ஓணானிடம் போனாள்.

வேலமரத்துக் கிளையில் உட்கார்ந்துகொண்டு, எந்த இலையையும் முதல் வரிசைக்குக் கொண்டுவர வழி சொல்வதாகப் பேர் வாங்கியிருந்தவன் அந்த ஓணான்.

"என்ன நண்டம்மா, பக்கவாட்டிலேயே நடந்து எப்படி இவ்வளவு தூரம் வந்தே?" என்றான்.

"பிள்ளைங்க காய்ஞ்சுபோகுதுங்க ஐயா. என் இலையை யாரும் பார்க்க மாட்டேங்கிறாங்க."

"இலையிலே 'தண்ணீர்'னு எத்தனை தடவை எழுதியிருக்கே?"

"ஒரே தடவைதான். மிச்சமெல்லாம் எந்த இடம்னு..."

"ஒரு தடவையா!" ஓணான் வாலால் கிளையில் தட்டிச் சிரித்தான். "இடத்தை யாரம்மா கேட்டா? தண்ணீர், தண்ணீர், தண்ணீர்னு இலை கொள்ளாம எழுது. சிலந்தி அதைத்தான் எண்ணுறா. அப்புறம், இவ்வளவு சின்ன இலையா? தேக்கு இலை எடு. பெரிய இலைன்னா அவளுக்கு மரியாதை."

"நிஜமாவா?"

"சத்தியமா! என் கூலியை மட்டும் மறந்துடாதே."

கூலி என்றால் அவள் வளையின் அடியிலிருந்து ஓர் உருண்டை ஈரமண். வெயிலுக்கு அவன் வயிறு வைத்துப் படுக்க. குஞ்சுகளுக்கு வைத்திருந்த ஈரத்தில் பாதியைக் கொடுத்தாள், பாவம்.

தேக்கு இலையில் 'தண்ணீர்' என்பதையே நிரப்பி எழுதினாள். இடம் போதவில்லை. அதனால் ஊற்று எங்கே என்ற வரியை எழுதாமலே விட்டுவிட்டாள். அதையும் தொங்கவிட்டு, பழைய புங்க இலையை அறுத்துப் போட்டாள். மறுநாளும் யாரும் வரவில்லை.

"இலை பழசாயிடுச்சு. தினமும் காலையிலே புது இலை மாத்தணும். உள்ளே அதே எழுத்து இருந்தாலும் பரவாயில்லை, இலை பச்சையா இருக்கணும்" என்றான் ஓணான். மாற்றினாள். அதற்கும் ஓர் உருண்டை மண் போனது. அடுத்து, ஆளில்லாத பொந்துகளின் வாசலில் கிடந்த வெற்று இலைகளிலிருந்தெல்லாம் நூல் எடுத்து அவள் இலையில் முடிந்துவிட்டான். "பார், இத்தனை பேர் உன்னை நம்புறாங்கன்னு சிலந்தி நினைச்சுக்குவா." சிலந்தி அப்படி நினைக்கவில்லை. கடைசியில், "அப்போ ஒரே வழிதான். கொழுத்த ஈயாப் பிடிச்சு அவ கையிலே கொடுத்துடு" என்றான்.

மடியில் குஞ்சுகள் அசைவது குறைந்திருந்தது. கொடுக்காயி ஈயைக் கொடுக்கில் பிடித்துக்கொண்டு சிலந்தியம்மாவின் எதிரில் போய் நின்றாள்.

சிலந்தியம்மா ஈயையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். "கொடுத்தால் வாங்கிக்கிறேன் தாயி. உன் இலையை வாசல் கிளையிலே தொங்கவிட்டு, 'இது ஈ கொடுத்து வைத்த இலை'ன்னு பக்கத்திலேயே எழுதிடுவேன். ஆனா வரிசைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது."

"அப்போ வரிசைக்கு என்னதாம்மா வேணும்? ஓணான் சொன்னதெல்லாம் செஞ்சேனே!"

"உன் இலையைப் படிச்சேன். தண்ணீர், தண்ணீர், தண்ணீர். நல்லா இருக்கு. எங்கேன்னு இல்லையே? தாகத்தோட வர்றவன் இலையை நக்கிப் பார்த்துட்டுப் போவானா?"

கொடுக்காயிக்குத் தலையில் அடித்தது போல ஆகிவிட்டது. சொல்ல வேண்டிய ஒரே வார்த்தையைத் தன் கையாலேயே தூக்கி எறிந்திருக்கிறாளே! ஈயைப் பறக்க விட்டாள். தேக்கு இலையைக் கிழித்தாள். ஓணான் முடிச்சுப் போட்டிருந்த நூல்களைக் கொடுக்கால் ஒவ்வொன்றாகக் கத்தரித்துப் போட்டாள். ஒரு சின்னப் புங்க இலையைப் பறித்து, கண்ணை மூடி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டு எழுதினாள்:

"ஆற்று வளைவில், சாய்ந்த மருத மரத்துக்குத் தெற்கே, வெள்ளைப் பாறைக்கு அடியில் ஊற்று இருக்கிறது. பாறையைப் புரட்டித் தோண்டினால் வரும். என்னால் முடியவில்லை. முடிந்தவர் வாருங்கள், எல்லோரும் குடிக்கலாம்."

அதே நேரத்தில் ஒரு காட்டுப்பன்றி மூச்சிரைக்க வந்து நூலை அறுந்து போகிற மாதிரி இழுத்தது.

"ஏ சிலந்தியம்மா! தண்ணீர்னு கேட்டா மயில் இலைக்கு அனுப்பினே. அது மழையிலே ஆடின கதையை எழுதி வெச்சிருக்கு. எனக்கு ஆட்டம் வேண்டாம். தோண்டினா தண்ணீர் வர்ற இடம் ஒண்ணு சொல்லு. தோண்டுறது என் பாடு!"

"இப்படிக் கேளு," என்றாள் சிலந்தியம்மா. "இப்படிக் கேட்டா ஒரே இலைதான் இருக்கு. இப்போதான் தொங்கவிட்டா. இன்னும் சாறுகூடக் காயலை."

பன்றி இலையைப் படித்தது, ஓடியது. கொடுக்காயி அதன் முதுகில் தொற்றிக்கொண்டாள். பாறைக்கு அடியில் மூக்கைக் கொடுத்து ஒரு நெம்பு. பாறை அசையவில்லை. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் அண்ணா! அங்கேதான் மண் இளகல்!" என்று கத்தினாள் அவள். மறு நெம்பில் பாறை புரண்டது. பன்றி கோரைப்பல்லால் மணலைக் கிளறியது. முதலில் மண் கறுத்தது, பிறகு மின்னியது. பிறகு குபுகுபுவென்று தண்ணீர்! பன்றி முகத்தோடு உள்ளே விழுந்தது. கொடுக்காயி வயிற்று மடிப்பை விரித்துத் தண்ணீருக்குள் இறங்கினாள். ஒரு குஞ்சு அசைந்தது. இன்னொன்று நீந்தியது. பிறகு மொத்தக் கூட்டமும் பொரிகடலை கொட்டின மாதிரி சிதறி ஓடியது. "கடவுளே, கடவுளே" என்று கும்பிட்டாள் அவள்.

வயிறு நிறைந்த பன்றி சும்மா இருக்குமா? கிழங்கு கிடைக்கும் இடமெல்லாம் எழுதி வைத்திருந்த தன் இலையின் ஓரத்தில், "தண்ணீர் வேண்டுமா? கொடுக்காயியிடம் போ. நான் குடித்தேன்" என்று எழுதி, அங்கிருந்து ஒரு நூலை அவள் இலைக்குக் கட்டியது. மான் வந்து குடித்தது, அதுவும் கட்டியது. யானை குடித்தது, குடும்பத்தோடு கட்டியது. நூல்கள் இறுக இறுக அந்தச் சின்னப் புங்க இலை விம்மி நின்றது. இரண்டு நாள் கழித்துக் காட்டின் எந்த மூலையிலிருந்து யார் "தண்ணீர்" என்று சுண்டினாலும் சிலந்தியம்மா உரக்கச் சொன்னாள்: "முதலில் கொடுக்காயி இலை!"

ஓணான் கூட்டத்தோடு கூட்டமாக ஊற்றுக்கு வந்தான். "நீ சொன்னதெல்லாம் நிஜந்தானா ஐயா?" என்று கொடுக்காயி எல்லோர் முன்னாலும் கேட்டாள். தலையை மேலும் கீழும் ஆட்டினான் பாருங்கள், அந்த ஆட்டம் ஓணானுக்கு இன்றுவரை நிற்கவே இல்லை. அவனுக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

ஆனால் காட்டில் மற்றவர்கள் விடவில்லை. சிலந்தியம்மாவைச் சூழ்ந்துகொண்டு, "அவளுக்கு மட்டும் என்ன ரகசியம் சொன்னாய்?" என்று துளைத்தார்கள். ஒரு காலையில் அவள் வாய் தவறி, "இந்த இலையிலே பனித்துளி அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். விடிந்து பார்த்தால் ஒவ்வொருவரும் தம் இலையில் தண்ணீரைத் தெளித்து வைத்திருக்கிறார்கள். எழுத்தெல்லாம் கரைந்து ஓடுகிறது. செம்போத்தின் காய்ச்சல் வேர்கூட அழிந்துபோயிருந்தது. சிலந்தியம்மா அதைப் பார்த்தாள். பிறகு வலையின் நடுவில் போய் உட்கார்ந்து, எட்டுக் கால்களையும் நூல்களின் மேல் வைத்து, வாயை மூடிக்கொண்டாள். யார் கேட்டாலும் உரிய நூலைத் தொட்டுக் காட்டுவாள், அவ்வளவே.

அன்று முதல்தான் சிலந்திக்குக் குரல் இல்லை. இன்று நாம் தேடுவதை எடுத்துத் தரக் கணினிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பக்கம் பக்கமாக ஓடிப் படிக்கிறதே, சிலந்தி என்றே பெயர் வைத்த நிரல், அதுவும் அவள் வம்சம்தான். முதல் வரிசைக்கு வர வெளியே ஆயிரம் பேர் ஆயிரம் வழி சொல்லட்டும், அது யாருக்கும் பதில் சொல்வதில்லை. தாகத்தோடு வருகிறவனுக்கு இந்த இலையில் என்ன இருக்கிறது என்று மட்டும் குனிந்து படித்துவிட்டுப் போகிறது.