இரண்டு சுற்று

முன்பொரு வைகாசியில், பழனி சாலையோரத்து வெல்டிங் பட்டறை ஒன்றின் வாசலில் ஒரு ட்ரெய்லர் பின்பக்கம் திறந்தபடி நின்றது. மூன்று பக்கமும் தகரம் அடித்து மேலே கூரை போட்ட வண்டி. குதிரைக்காரர் சடையப்பன் தன் கையாலேயே கட்டியது. கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் அவருடைய குதிரை பவளம் அதில்தான் பயணம் செய்ய வேண்டும். பின்கதவு மட்டும் பாக்கி.

அது சாதாரணக் கதவு அல்ல. தூக்கிக் கட்டினால் சுவர். இறக்கினால் குதிரை ஏறும் பாதை. அதனால் அதைப் பட்டறைக்காரர் ஞானப்பிரகாசத்திடம் விட்டிருந்தார்.

ஞானப்பிரகாசம் புதுச் சாமான் வாங்குகிறவர் இல்லை. பழைய இரும்புக் குவியலிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி வேப்பமரத்தடியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். ஆள் நகர்ந்ததும் சாமான்கள் பேச ஆரம்பித்தன.

"நான் லாரியிலே இருந்தவன்," என்றது இரும்புச் சட்டம். "பதினாறு வருஷம். பத்து டன் வெங்காயம் மேலே இருக்கும். நான் முனகினதே கிடையாது."

"வெங்காயம் பேசுமா?" என்று கேட்டது பலகை. அது ஒரு டவுன் பஸ்ஸின் தரையாக இருந்தது. "என் மேலே நின்னவங்க எல்லாம் மனுஷங்க. தைப்பூசத்துக்கு ஒரு நடைக்கு நூத்திருபது பேர். காலைப் பார்த்தே ஆளைச் சொல்லுவேன். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தங்க தினமும் ஒரே இடத்திலே நிப்பாங்க. அவங்க ரிட்டையர் ஆன பிறகு அந்த இடம் மட்டும் எனக்குக் குளிர்ந்தே கிடந்தது."

"ஆளுக்கொரு பெருமை," என்றது அரிசி ஆலை கேட்டிலிருந்து வந்த கீல். "எனக்கு எண்ணெய் விட்டு ஒன்பது வருஷம். அதை யாரும் கேக்கலை."

குவியலின் அடியில் கிடந்த ஸ்பிரிங் மெல்ல அசைந்தது. ஒரு கடை ஷட்டருக்கு மேலே, உருளைக்குள்ளே சுருண்டிருந்த ஸ்பிரிங் அது.

"நீ எதைத் தாங்கினே?" என்று சட்டம் கேட்டது.

"எதையும் தாங்கலை. ஒரு கைக்குத் துணையா இருந்தேன்."

சட்டம் சிரித்த சிரிப்பில் அதன் மேலிருந்த துரு உதிர்ந்தது. "துணைக்குப் போறவனுக்கு இங்கே வேலை இல்லை தம்பி. இது குதிரை ஏறுற கதவு."

ஞானப்பிரகாசமும் அப்படித்தான் நினைத்தார். கதவு உறுதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தை வெட்டி நாலு மூலையும் சேர்த்தார். குறுக்கே மூன்று தாங்கு கொடுத்து, அடியில் கீலைப் பொருத்தினார். பலகைகளை போல்ட் போட்டு இறுக்கி, குளம்பு வழுக்காமல் இருக்கக் குறுக்குச் சட்டம் அடித்தார். ஸ்பிரிங் குவியலிலேயே கிடந்தது.

புதன்கிழமை மாலை சடையப்பன் பவளத்தை நடத்திக்கொண்டு வந்தார். வயது அறுபத்தாறு. இத்தனை காலம் கூட வந்துகொண்டிருந்த மச்சினன், முட்டி வலி என்று போன மாதத்தோடு நின்றுவிட்டான். இனி எங்கே போனாலும் அவரும் குதிரையும் மட்டும்தான்.

கொக்கியை எடுத்ததும் கதவு கையை மீறித் தடாலென்று விழுந்தது. புழுதி கிளம்பியது. பவளம் மிரண்டு முன்னங்காலைத் தூக்கியது. ஒருவழியாக அதைத் தட்டிக்கொடுத்து ஏற்றினார். கதவு நூலளவும் வளையவில்லை.

"பாத்தியா?" என்றது சட்டம்.

"இப்போ மூடுங்கண்ணே," என்றார் ஞானப்பிரகாசம்.

சடையப்பன் குனிந்து பிடித்தார். கதவு முழங்கால் வரை வந்தது. இறங்கிவிட்டது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுபடி பிடித்தார். இடுப்பு வரை வந்து மறுபடி இறங்கியது. மூன்றாவது முறை ஞானப்பிரகாசமும் ஒரு முனையைப் பிடித்த பிறகே அது மேலே போய் நின்றது.

"நல்ல கனமாத்தான் செஞ்சிருக்கே தம்பி. கல்யாண வீட்டுக்கெல்லாம் நீயும் கூட வர்றியா? பொண்ணு வீட்டுப் பக்கம் நிறுத்திடுறேன்."

"சட்டத்தைக் குறைச்சா குதிரை தாங்காதுண்ணே."

"தெரியுது." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கதவைச் சொல்லி என்ன, கை போயிடுச்சு. ஆயக்குடிக்காரர் பவளத்தை விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கார். அவருக்கே கொடுத்துடறேன். நாளைக்கு மத்தியானம் வரச் சொல்றேன்."

குதிரையை இறக்கி வேப்பமரத்தில் கட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் போனார்.

பவளம் கதவைப் பார்த்தது. "பதினோரு வருஷமா அவர் கையாலேதான் கொள்ளு திங்கிறேன்."

"நான் உன்னைத் தாங்கினேன் இல்லையா?" என்றது சட்டம். அதன் குரலில் பழைய கனம் இல்லை.

"என்னைத் தாங்கினே. அவரைத் தாங்கலையே."

குவியலின் அடியிலிருந்து ஸ்பிரிங் பேசியது.

"கபூர் பாய்னு ஒருத்தர். வாடகை சைக்கிள் கடை. முப்பத்தொரு வருஷம் அவர் ஷட்டரிலே இருந்தேன். உருளைக்குள்ளே இருட்டு, அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கையை மட்டும் தெரியும். ராத்திரி ஷட்டரை இழுத்து மூடும்போது அந்தக் கனத்தை நான் வாங்கி வச்சுக்குவேன். காலையிலே தூக்கும்போது திருப்பிக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் வேலை. ஷட்டர் ஏறினதும் வெளியே மணிச் சத்தம் கேக்கும். பிள்ளைங்க அரை மணி நேரத்துக்கு ஒரு சைக்கிளுக்குச் சண்டை போடுவாங்க."

"அப்புறம்?" என்றது பலகை.

"வர வர அந்தக் கை மெலிஞ்சுது. ஷட்டர் பாதியிலே நிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பாய் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம், அவர் மகன் ஷட்டர்காரரைக் கூட்டிட்டு வந்து எனக்கு ரெண்டு சுற்று முறுக்கு கூட ஏத்த வச்சார். 'அத்தாட்ட சொல்லிடாதீங்க'ன்னார். மறுநாள் பாய் ஒத்தைக் கையாலே தூக்கிட்டு, கடைக்கு வந்தவங்க எல்லார்கிட்டேயும் சொன்னார்: 'எழுபது வயசு! இன்னும் ஒத்தைக் கைதான்!' அதுக்கப்புறம் நாலு வருஷம் கடை நடந்துச்சு."

"நீ ஒண்ணும் சொல்லலையா?" என்றது கீல்.

"என்ன சொல்ல? கடை திறந்திருந்துச்சே."

அந்த நேரத்தில் ஞானப்பிரகாசம் பட்டறையைப் பூட்ட வந்தார். ஷட்டரை ஒரு கையால் இழுத்தார். இடுப்பளவு வந்ததும் நிறுத்தினார். ஏதோ யோசனையில் மேலே தள்ளினார். ஷட்டர் சொன்னபடி கேட்டு ஏறியது. மறுபடி இழுத்தார், மறுபடி தள்ளினார். பிறகு திரும்பிப் பழைய இரும்புக் குவியலைப் பார்த்தார்.

காலையில் சடையப்பன் பவளத்தோடு வந்தபோது ட்ரெய்லரின் திறப்புக்கு மேலே குறுக்காக ஓர் உருளை இருந்தது. அதன் இரு முனையிலிருந்தும் கம்பி வடம் இறங்கிக் கதவின் மூலைகளைப் பிடித்திருந்தது. உருளைக்குள் ஸ்பிரிங் எட்டுச் சுற்று முறுக்கேறி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கொக்கியை எடுத்தார். கதவு இந்த முறை விழவில்லை, இறங்கியது. பவளம் காதைக்கூட அசைக்கவில்லை.

தூக்கினார். இரண்டு கையும் தோளும் சேர்ந்து, கடைசி முழத்தில் கொஞ்சம் நடுங்கி, கதவு மேலே போனது.

"போதும் தம்பி. சமாளிச்சுக்குவேன்," என்றார். நெற்றி வியர்த்திருந்தது. "எதுக்கும் ஆயக்குடிக்காரர் வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"சரிண்ணே. குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க. பம்புசெட் அந்தப் பக்கம்."

அவர் தலை மறைந்ததும் ஞானப்பிரகாசம் கம்பியை உருளையின் துளையில் விட்டு ஒரு சுற்று ஏற்றினார். பம்புசெட் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொரு சுற்று ஏற்றினார். ஸ்பிரிங்குக்கு அந்த இரண்டு சுற்றும் நன்றாக ஞாபகம் இருந்தது.

"இன்னொரு தடவை தூக்கிப் பாருங்கண்ணே," என்றார், சடையப்பன் வந்ததும். "கீலுக்கு எண்ணெய் விட்டிருக்கேன்."

சடையப்பன் ஒரு கையில் குதிரையின் கயிற்றைப் பிடித்தபடி மறு கையால் கதவைத் தொட்டார். அது அவரோடு எழுந்து போய் மூடிக்கொண்டது. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எண்ணெய்தான் விஷயமா! நான்கூட கையைப் போயி சந்தேகப்பட்டுட்டேன். அறுபத்தாறு வயசு தம்பி. பாத்தே இல்ல? ஒத்தைக் கை!"

"பாத்தேண்ணே," என்றார் ஞானப்பிரகாசம், சுத்தியலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டு.

சடையப்பன் போனை எடுத்தார். "ஆயக்குடியா? நீங்க அலைய வேணாம். பவளம் என்கிட்டேயே இருக்கட்டும். நாளைக்கு எங்களுக்கு ஒரு கல்யாணம் இருக்கு."

கீலுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு எங்கே எண்ணெய் விட்டாங்க? ஒரு சொட்டுகூட..."

"சும்மா இரு," என்றது ஸ்பிரிங். "கடை திறந்தாச்சு."