பஞ்சி முயலும் ‘கம் இன்’ மந்திரமும்

“கம் இன்!”

இருட்டியதும் மூங்கில் காட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. குரல் மனிதக் குரல். ஆனால் மனித வாடையே இல்லை!

குளத்துத் தவளைகள் பாதிப் பாட்டில் நிறுத்திக்கொண்டன. மான்கள் மென்ற புல்லை விழுங்காமல் நின்றன. எந்நேரமும் சண்டை போடும் குரங்குக் கூட்டம்கூட வாயை மூடிக்கொண்டது.

காட்டோரத்தில் ஆள் இல்லாத காவல் குடிசை ஒன்று இருந்தது. அதில் குடியிருந்த பஞ்சி என்ற முயல், தன் இரண்டு குட்டிகளையும் வயிற்றோடு இழுத்து அணைத்தது. பஞ்சிக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். குட்டி போட்ட பிறகு கேட்கவே வேண்டாம். சருகு உருண்டாலும் நரி வந்துவிட்டது என்றே அதற்குத் தோன்றும்.

“கம் இன்!” என்றது குரல், மறுபடியும்.

காடே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது.

காலையில்தான் விஷயம் தெரிந்தது. புங்க மரக் கிளையில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. கான்வென்ட் ஒன்றில் பெரிய சிஸ்டரின் அறை வாசலில் கூண்டில் வளர்ந்து, பறந்து வந்துவிட்ட மைனா அது.

“நேற்று நான் பேசியது இங்கிலீஷ்! என்னை எல்லாரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும்!” என்றது மைனா.

உடனே மரத்தடியில் வகுப்பு கூடிவிட்டது.

“வாட்டர் என்றால் தண்ணீர். மில்க் என்றால் பால். டாக் என்றால் நாய். கேட் என்றால் பூனை.”

“மிஸ், கேட்டுன்னா பங்களா வாசல்ல இருக்கிற இரும்புக் கதவாச்சே?” என்றது ஒரு குரங்கு.

“அது வேற கேட்! குறுக்கே பேசாதே!”

பஞ்சி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே வாயில் தண்ணீருக்கு இரண்டு பெயரா! மெல்ல முன்னால் நகர்ந்து கேட்டது. “மிஸ்... நேத்து ராத்திரி ‘கம் இன்’னு சொன்னீங்களே, அதை எப்போ சொல்லணும்?”

“யாராவது கதவைத் தட்டினால் சொல்ல வேண்டும்.”

‘அப்படின்னா என்ன அர்த்தம் மிஸ்?’ என்ற கேள்வி பஞ்சியின் நாக்கு நுனி வரை வந்தது. சுற்றிலும் பார்த்தது. குரங்குகள் சிரிக்கக் காத்திருந்தன. கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டது.

‘இதில் கேட்க என்ன இருக்கு? அந்தச் சொல்லைக் கேட்டதும் காடே கம்முனு ஆகிப்போச்சே! “கம்முனு இரு” என்பதைத்தான் இங்கிலீஷில் “கம் இன்” என்கிறார்கள்!’

பகல் முழுக்கக் குட்டிகளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தது. பொழுது சாய்ந்தது.

“அம்மா, தாழ்ப்பாள் போடலையா?”

“தாழ்ப்பாள் எதுக்குடா கண்ணு? நம்மகிட்டதான் இங்கிலீஷ் இருக்கே!”

டொக். டொக்.

குட்டிகள் அம்மாவின் பின்னால் ஒளிந்தன. பஞ்சி நெஞ்சை நிமிர்த்தியது. மிஸ்ஸின் குரலிலேயே, “கம் இன்!” என்றது.

கதவு கிரீச்சிட்டது. ஒரு மூக்கு உள்ளே நீண்டது. நரி!

“கம் இன்!” என்று பஞ்சி இன்னும் உரக்கச் சொன்னது. நரியின் பாதி உடம்பு உள்ளே வந்தது.

“கம் இன்! கம் இன்!” என்று குட்டிகளும் சேர்ந்து கத்தின.

நரி முழுசாக உள்ளே வந்து நின்றது. “அடடா! வாண்டுகள்கூட எவ்வளவு ஆசையாகக் கூப்பிடுதுங்க! இப்படி ஒரு உபசாரத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை, தங்கச்சி!”

“நா... நான் உன்னைக் கம்முனு இருன்னுதானே சொன்னேன்!”

நரி விழுந்து விழுந்து சிரித்தது. “கம்முனா? அடிப் பைத்தியமே! கம் இன் என்றால் ‘உள்ளே வா’! கான்வென்ட் சமையல்கட்டுக் குப்பையைத் தின்று வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாத இங்கிலீஷா?”

பஞ்சிக்கு இப்போதுதான் புரிந்தது. உள்ளே வா! பெற்ற தாயே தன் வாயால் எமனைக் கூப்பிட்டுவிட்டாளே! நரியின் எச்சில் தரையில் சொட்டியது. குட்டிகள் தாயின் முகத்தையே பார்த்தன.

சட்டென்று பஞ்சி திரும்பியது. உள்ளறையின் இருட்டைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தியது.

“டாக்! கம் இன்! சீக்கிரம் கம் இன், டாக்!”

நரியின் வால் தொங்கிவிட்டது. இங்கிலீஷ் தெரியாத நரியாக இருந்தால் சிரித்துக்கொண்டே நின்றிருக்கும். இதற்குத்தான் தெரியுமே! “ஐயோ, நாயா!” என்று அலறியபடி வந்த வழியே பாய்ந்தது. மூங்கில் காட்டைத் தாண்டியும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளறையில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. வெறும் இருட்டு.

பஞ்சிக்குப் புல்லரித்தது. அதே சொல்! தெரியாமல் சொன்னபோது நரியைக் கூட்டி வந்தது. தெரிந்து சொன்னபோது நரியைத் துரத்திவிட்டது. இத்தனூண்டு சொல்லுக்குள் எவ்வளவு பெரிய சக்தி!

“அம்மா, இனிமேல் இங்கிலீஷே வேண்டாமா?” என்றது ஒரு குட்டி.

“யார் சொன்னது? நாளைக்கும் போவோம். ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன அர்த்தம்னு மிஸ்ஸையே கேட்போம். குரங்கு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்!”

அப்படிச் சொல்லிவிட்டு, பஞ்சி பின்னங்கால்களில் எம்பி நின்று, உள்ளிருந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது.

நீதி: கேட்க வெட்கப்பட்டு அர்த்தம் தெரியாமலே ஒரு சொல்லைப் பேசுவது, ஆபத்தை நாமே வீட்டுக்குள் அழைப்பதற்குச் சமம்.