இரண்டு தடவை சொன்ன டீச்சர்

கன்னடம் மலையிலிருந்து இறங்கி வர, தமிழ் அடிவாரத்திலிருந்து ஏறிப் போக, இரண்டும் சந்தித்து மூச்சு வாங்குகிற ஓர் ஊர் இருந்ததாம். அங்கே வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி. சொல்லித் தருகிறவர் ஜமீலா டீச்சர்.

அவரிடம் படித்தவள் துளசிமணி. கீழே சமவெளிக்காரி. மலைப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டுமே என்று ஒரு வருஷம் முட்டி மோதிக் கன்னடம் படித்தவள்.

அன்று ஒன்றாம் வகுப்பில் அவளுடைய மாதிரிப் பாடம். வீட்டில் கன்னடம் மட்டுமே பேசுகிற இருபத்து மூன்று பிள்ளைகள். துளசிமணி தமிழில் ஒரு வரி சொன்னாள். அதே வரியை உடனே கன்னடத்திலும் சொன்னாள். பாடம் முடிகிறவரை அப்படியே. கேட்டதற்கெல்லாம் பிள்ளைகள் கன்னடத்தில் துள்ளித் துள்ளிப் பதில் சொன்னார்கள்.

பாடத்தைப் பார்த்திருந்த ஜமீலா டீச்சர் அவளுடைய பாடப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பரீட்சை. கையெழுத்து இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இன்னொரு வருஷம் படிக்க வீட்டில் ஒப்ப மாட்டார்கள். "இந்த வருஷத்தோட சரி" என்று மாமனார் முன்பே சொல்லிவிட்டார்.

துளசிமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீச்சர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனாள்.

"ஏனுங்க டீச்சர், நான் என்ன தப்புப் பண்ணீட்டேன்?"

"பரீட்சைக்கு ஹால ஒழுங்கு பண்ணணும். வா" என்றார் டீச்சர்.

அவர் வீட்டு மொழி உருது. ஹாலில் ஒவ்வொரு வேலையையும் உருதுவில் ஒரு தடவை சொன்னார். உடனே தமிழில் ஒரு தடவை.

துளசிமணி ஜன்னல்களைத் திறந்தாள். ஜமக்காளத்தைச் சுருட்டினாள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். மனசெல்லாம் பதிவேட்டில்.

பத்தாவது நாற்காலியோடு பொறுமை போய்விட்டது.

"டீச்சர், அந்த உருத விட்டுப்போட்டுத் தமிழ்லயே சொல்லீருங்க. வேலையாவது சுருக்கா முடியும்."

"நாற்காலிய எடுத்துப் போடுன்னு உருதுல பத்துத் தடவ சொன்னேன். எங்கே, ஒரு தடவ சொல்லு."

துளசிமணி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"கேக்கலைங்க. எப்படியும் தமிழ்ல சொல்லுவீங்கன்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். வகுப்பில் தான் தமிழ் பேசும்போதெல்லாம் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் உறைத்தது.

"அப்பக் கன்னடத்த மூட்ட கட்டி வெச்சுறட்டுங்களா? வெறும் தமிழ்லயே பேசிப்புடறேன்."

டீச்சர் உருதுவில் பேச ஆரம்பித்தார். வெறும் உருது. நிறுத்தாமல் பேசினார். கேள்வி கேட்கிற மாதிரி இருந்தது. அதட்டுகிற மாதிரியும் இருந்தது. துளசிமணி கையைப் பிசைந்தாள். தலையை ஆட்டிப் பார்த்தாள். அது தப்புப் போலிருக்கிறது, டீச்சர் இன்னும் வேகமாகப் பேசினார். துளசிமணியின் கண் நிறைந்து வாசல் பக்கம் போனது.

"உக்காரு கண்ணு" என்றார் டீச்சர், தமிழில்.

உட்கார்ந்தாள்.

"வெறும் உருது ரெண்டு நிமிஷங்கூட ஆகல. பிள்ளைங்களுக்கு முழுப் பாடம்."

டீச்சர் பிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் டீ ஊற்றினார். ஆவி பறந்தது. நீட்டும்போது உருதுவில் ஒரே ஒரு சொல் சொன்னார். துளசிமணி முந்தானையைச் சுற்றி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"என்ன சொன்னேன்?"

"சூடுன்னீங்க."

"தமிழ்ல நான் சொல்லலையே."

துளசிமணி டம்ளரையே பார்த்தாள். அந்தச் சொல்லை மெதுவாகத் தானும் சொல்லிப் பார்த்தாள். டீச்சர் திருத்தவில்லை.

"அப்பக் கையெழுத்துங்க?"

"நாளைக்கு மறுபடி பாடம் எடு. கடைசி பெஞ்சுல வந்து உக்காந்துக்கறேன்."

டீச்சர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். துளசிமணி டம்ளரும் கையுமாகப் பின்னாலேயே ஓடினாள்.

"டீச்சர், டீச்சர்! ஒண்ணே ஒண்ணுங்க. கன்னடத்துல எப்பத்தானுங்க பேசறது?"

"வெறும் உருதுல பேசிட்டிருந்த நான் எப்பத் தமிழுக்கு மாறினேன்?"

துளசிமணி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தாள்.

"நீ வாசலப் பாத்தப்ப" என்று சொல்லிவிட்டு டீச்சர் படியிறங்கிப் போனார்.