லாசருக்க வலது காலு

சிப்பித்துறையில் பொய் சொல்லத் தெரியாதவன் கிடையாது. ஆனால் சொன்ன பொய்யே வேட்டியை இழுத்துப் பிடித்து நிறுத்தியது ததேயுஸை மட்டும்தான்.

ததேயுஸுக்குத் தொழில் படகு எஞ்சின் பழுது பார்ப்பது. ஆனி ஆடியில் கடல் சீறும், கரையில் பந்தும் உருளாது. அந்த இரண்டு மாதமும் அவருடைய ஸ்பேனர் பெட்டி மூடியே கிடக்கும், வாய் திறந்தே கிடக்கும். கொட்டகைக்கு ஒட்டினாற்போல மனைவி பெர்னதெத்தின் டீக்கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் கால்பந்துக் கழகத்துக்கு அடுத்த வருஷம் யாரை எடுக்கலாம், யாரைக் கழற்றி விடலாம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் கழகத்தில் தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. கழகத்துக்கு வரியைக் கட்டிவிட்டுக் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துகிற ரசிகர், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அந்தப் பேச்சுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. எட்டுத் துறை ஆடுகிற கடற்கரை லீக்கில் சிப்பித்துறைதான் தொடர்ந்து கடைசி. எப்போது பார்த்தாலும் கருங்கல்துறையே ஜெயிக்கிறதென்று லீக்காரர்கள் புது விதி கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கழகமும் அஞ்சு ஆட்டக்காரரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களும், புதிதாகப் பேர் கொடுத்தவர்களும் பொதுவில் வருவார்கள். கடைசியில் வந்த ஊர் முதலில் ஆள் எடுக்கும். வெளிநாட்டில் இதற்கு டிராஃப்ட் என்று பேர். சிப்பித்துறையில் 'ஆளெடுப்பு' என்றார்கள். கூடவே இன்னொரு விதியும் இருந்தது. இந்தத் தடவையும் கடைசியில் வந்தால் லீக்கை விட்டே வெளியே போகவேண்டும்.

ஆகவே அந்த முதல் ஆள் யார் என்பது ஊருக்கே உயிர்ப் பிரச்சினை. கழகத் தலைவர் ரெமிஜியுஸ் சார், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் டீக்கடைக்கு வந்து யோசித்தார். கேப்டன் கிளீட்டஸும் யோசித்தான்.

உள்ளதைச் சொன்னால், ததேயுஸுக்கு விடை தெரியும். நம்ம டீமில் நடுவில் ஓட்டை. எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் வருகிறவன் மாதிரி நேரே உள்ளே வருகிறான். நடுவில் நின்று மறிக்க நல்ல கட்டையான ஒருத்தன் வேண்டும். காலேஜ் டீமில் ஆடுகிற நிக்சன் போதும். ஆனால் இதைச் சொன்னால் எவன் வாயைப் பிளந்து கேட்பான்? எவன் இரண்டாவது டீ சொல்லுவான்? அதனால் அன்றைக்குக் காலை அவர் வேறொன்று சொன்னார்.

"நேத்து ஆமைத்துறைக்கு எஞ்சின் பாக்கப் போனேன். அங்க ஒருத்தன், லாசர்னு பேரு, நண்டு வலைக்காரன். கரையில கெடந்த தேங்காக் கதம்பையை வெறுங்காலால ஒரு சவுட்டு சவுட்டினான் பாருங்க... படகுக்கு மேல கூடிப் போயிட்டு."

நடந்தது இதுதான். லாசர் கதம்பையைச் சவுட்டத்தான் பார்த்தான். கால் படவில்லை. ஈர மணலில் வழுக்கி, பின்பக்கம் பதிய உட்கார்ந்தான். ததேயுஸ்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"படகுக்கு மேலயா?" என்றான் கிளீட்டஸ்.

அந்தக் கேள்வியில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ததேயுஸுக்குச் சந்தேகம் என்பது அடுப்புக்கு மண்ணெண்ணெய் மாதிரி.

"படகுன்னா சொன்னேன்? மாதா மேல சத்தியம், கோயில் கோபுரம்! கதம்பை போயி மணியில பட்டு, அது டங் டங்குன்னு அடிச்சு, ஊரே திரிகால செபத்துக்கு முட்டுப் போட்டுட்டு. மத்தியானச் செபம் பன்னெண்டுக்கே முடிஞ்சாச்சு, அப்ப மணி மூணு! உபதேசியாரு ஓடி வந்து, 'லேய், மணிக்கயிறு எனக்க கையில இருக்கு, மணியடிச்சது எவன்'னு கேக்காரு."

"அப்ப நீங்க முட்டுப் போட்டியளா?" என்று பெர்னதெத் டீ ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"நான் முதல்லயே போட்டாச்சு."

மறுநாள் கூட்டம் பெஞ்சு கொள்ளவில்லை. பக்கத்துத் துறைக்காரர்கள் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்குகிற மாதிரி வந்து நின்றார்கள். மழை பெய்யவில்லை. ததேயுஸ் அதைக் கவனித்தார், தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"கதம்பையை விடுங்க. பந்துக்கு வருகேன். லாசர் பந்தை வளைச்சு அடிப்பான். கோலுக்கு நேரே அடிக்கமாட்டான், அது மரியாதைக் குறைவு. பந்து வெளிய போகும், பஸ் ஸ்டாண்டு வழியா ஒரு சுத்து சுத்தும், பிறகு திரும்பி வந்து கோலுக்குள்ள விழும். ஒருநா கோலு காக்குற கோலி, பந்து வெளிய போச்சுன்னு நெனச்சு டீ குடிக்கப் போயிட்டான். டீ குடிச்சு, வடையும் தின்னு, வாயத் தொடச்சிட்டு வந்து நிக்கான், அப்பதான் பந்து வருது!"

"பந்து வடை திங்கலியா?" என்றான் கிளீட்டஸ்.

"சிரிக்காதடே. ஓட்டத்தச் சொல்லட்டா? அவன் ஓடினா நிழலு கூட வராது. பின்னால மூச்சு வாங்கி மூச்சு வாங்கி வரும். ஒரு ஆட்டத்துல ரெஃபரி ஆஃப்சைடு குடுத்தாரு. யாருக்கு? நிழலுக்கு! இவன் கோல் போட்டுட்டுத் திரும்பி நடந்து வாறான், நிழலு அப்பதான் கோலைப் பாத்துப் போகுது."

பெஞ்சே குலுங்கியது. ரெமிஜியுஸ் சார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"வே ததேயு, அப்பேர்ப்பட்டவன் ஏன் இதுவரை ஒரு டீம்லயும் ஆடல்ல?"

நல்ல கேள்வி. வேறு ஆளாக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பான். ததேயுஸ் டீ கிளாஸைக் கீழே வைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மனசு சார். இளகின மனசு. பந்துக்கு வலிக்குமேன்னு ஆடாம இருக்கான்."

ரெமிஜியுஸ் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். சரி, கோபம் போல என்று ததேயுஸ் நினைத்தார்.

ஆளெடுப்பு அன்றைக்குக் காலையில் எல்லாரும் வேனுக்காக டீக்கடை முன்னால் நிற்கும்போதுதான் சமாசாரம் தெரிந்தது. சார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கையைப் போட்டார்.

"முதல் ஆளு லாசர்தான். தீர்மானிச்சாச்சு. எல்லாம் ஒமக்க புண்ணியம்."

ததேயுஸ் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், வேண்டாம் சார். நான் சும்மா சொன்னது. அவன் கதம்பையைச் சவுட்டவே இல்ல, வழுக்கி விழுந்தான். நிக்சனை எடுங்க சார். நமக்கு நடுவுலதான் ஓட்டை."

சார் மெல்லச் சிரித்தார்.

"லாசரை விட்டுத் தாறேன்னு கருங்கல்துறைக்காரனுக்கு வாக்குக் குடுத்துட்டீரோ?"

"அய்யோ, மாதா மேல சத்தியம்..."

"கோபுரத்துக்கும் மாதா மேலதான் சத்தியம் பண்ணினீரு."

இனி ஒரே வழி பெர்னதெத். ததேயுஸ் திரும்பிப் பார்த்தார். அவளும் இரக்கப்பட்டு முன்னால் வந்தாள்.

"சார், கல்யாணம் முடிஞ்ச நாளிலேருந்து இண்ணைக்குத்தான் உண்மை சொல்லுகாரு. நம்புங்க."

"நீயும் இதுல கூட்டா தாயே?" என்றார் சார்.

பங்குக் கோயில் மண்டபத்தில் எட்டுத் துறையும் கூடியிருந்தது. முதல் அழைப்பு சிப்பித்துறைக்கு. சார் எழுந்து, "ஆமைத்துறை லாசர்" என்றார். கருங்கல்துறைக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். அதிலும் ஆமைத்துறைக்காரர்கள் பட்ட வேதனை சொல்லி முடியாது. லாசரைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "கூடவே இருந்தும் நம்ம கண்ணுக்குப் படாமப் போச்சே" என்று முணுமுணுத்தார்கள். நிக்சனை அடுத்த ஊர் தட்டிக்கொண்டு போயிற்று. ததேயுஸ் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து, தன் வாயைத் தானே மனசுக்குள் ஏழு தடவை அறைந்துகொண்டார்.

லாசர் முன்னால் வந்தான். நல்ல கருத்த, பருத்த, நாற்பதை நெருங்குகிற மனுஷன்.

"எனக்குப் பந்து சரிப்படாது சார். பேரு குடுத்தா ஜெர்சி தருவான்னு சொன்னாவ. கடலுக்குப் போட்டுப் போலாமேன்னு குடுத்தேன்."

"பாத்தியளா, என்ன தாழ்ச்சி!" என்று சார் அவனைக் கட்டிப்பிடித்தார்.

மழை ஓய்ந்து பயிற்சி தொடங்கிய முதல் நாளே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. லாசர் பந்தை உதைத்தால் பந்து இருந்த இடத்தில் இருந்தது, லாசர்தான் நகர்ந்தான். கிளீட்டஸ் ததேயுஸோடு பேசுவதை நிறுத்தினான். சார் டீக்கடைக்கு வருவதை நிறுத்தினார். ததேயுஸுக்கு ராத்தூக்கம் போனது. கழகம் லீக்கை விட்டுப் போனால் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று எதைப் பார்த்துக் கத்துவது? ஊரில் யாரும் வைய வேண்டிய அவசியமே இல்லாதபடி அவரே தன்னை வைதுகொண்டார்.

முதல் ஆட்டம் கருங்கல்துறையோடு. வேறு ஆள் சரியில்லாததால் லாசரும் இறங்கினான். விசில் அடித்ததும் கருங்கல்துறையில் நாலு பேர் ஓடிவந்து அவனைச் சுற்றி நின்றார்கள்.

ததேயுஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

லாசர் தண்ணீர் குடிக்கக் கோட்டோரம் போனான். நாலு பேரும் போனார்கள். லாசர் குனிந்து காலைச் சொறிந்தான். "வலது காலு, வலது காலு!" என்று அவர்களுடைய கோலி அலறினான். லாசருக்கு மூச்சு முட்டி ஒரு மூலையில் உட்கார்ந்தபோது, அந்த நாலு பேரும் செபமாலைக்குக் கூடினது மாதிரி சுற்றி நின்றார்கள். மைதானத்தில் மிச்சமிருந்த இடமெல்லாம் கிளீட்டஸுக்கு. அவன் ஓடக்கூட இல்லை, நடந்து போய் இரண்டு கோல் போட்டான். நடுவில் ஓட்டை என்று ததேயுஸ் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஓட்டை வழியாக உள்ளே வரவேண்டியவர்களெல்லாம் லாசருக்குக் காவல் நின்றார்கள்.

பிறகு வந்த ஊர்களும் அப்படியே. கருங்கல்துறையே நாலு பேரை விட்டதென்றால் நாம் அஞ்சு பேரை விடுவோம் என்று வந்தார்கள். ஒரே ஒரு தடவை, ஆமைத்துறையோடு ஆடும்போது, பந்து வழிதவறி லாசரின் காலடிக்கே வந்து நின்றது. ஊரே மூச்சை அடக்கியது. லாசர் பின்னால் போய், ஓடிவந்து, ஓங்கிச் சவுட்டினான். கால் படவில்லை. அவன் விழுந்தான். ஆனால் கோலி அதற்குள் வலது பக்கமாகப் பாய்ந்து, மண்ணில் உருண்டு, எழுந்திருக்காமல் முகத்தை மூடிக்கொண்டான். பந்து நின்ற இடத்திலேயே நின்றது. கிளீட்டஸ் வந்து அதைப் பக்குவமாக உள்ளே தள்ளினான்.

சிப்பித்துறை நாலாவது இடம். ஆமைத்துறை கடைசி. அடுத்த மழைக்காலத்துக்குள் ததேயுஸ் பழையபடி பெஞ்சுக்கு வந்துவிட்டார், சாரும் வந்துவிட்டார். ஆனால் ஒரு சங்கடம். எஞ்சினோடு வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னார்: நாலு பேர் காவல், உட்கார்ந்தவனைச் சுற்றி நின்றது, உதைக்காத பந்துக்குக் கோலி பாய்ந்தது. ஒருத்தனும் நம்பவில்லை. "புளுகுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா ஓய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கோபுரமும் மணியும் சொன்னால் நம்புகிற அதே ஜனம்!

ஆளெடுப்பு நாள் வந்தது. ஆமைத்துறைக்காரர்கள் கெஞ்சிக் கூத்தாடி லீக்கில் இன்னும் ஒரு வருஷம் தவணை வாங்கியிருந்தார்கள். முதல் அழைப்பு அவர்களுக்கு. பெர்னதெத் மண்டபத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆமைத்துறைத் தலைவர் எழுந்தார்.

"எங்க முதல் ஆளு, சிப்பித்துறை ததேயுஸ்."

மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. சார் எழுந்து கையை ஆட்டினார். "அவரு ஆட்டக்காரன் இல்ல, ரசிகரு!"

"கழகத்துக்கு வரி கட்டின யாரையும் எடுக்கலாம்னு விதியில இருக்கு," என்றார் ஆமைத்துறைத் தலைவர் அமைதியாக. "லாசரை மாதிரி ஆளு எங்க ஊர்ல பதினஞ்சு பேரு இருக்கான். அவன்மாரைப் பத்திச் சொல்லத்தான் ஆளில்ல."

ததேயுஸ் எழுந்து நின்றார். அவர் பேரை ஒரு மண்டபத்தில் யாரும் இப்படி உரக்கக் கூப்பிட்டதில்லை. நெஞ்சு தானாக விரிந்தது. இத்தனை வருஷம் ஒரு ஊருக்காகக் கத்தின தொண்டை, இனி வேறொரு ஊருக்காகக் கத்தவேண்டும். கண் கலங்கப் பெர்னதெத்தைப் பார்த்தார். அவள் கெட்டிலைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆமைத்துறைத் தலைவரிடம் போனாள்.

"கூட்டிட்டுப் போங்க அண்ணே. ஆனா ஒண்ணு, பாதி சீசன்ல ஆளு சரியில்லன்னு திருப்பி விடப்பிடாது."