செராபினின் பீப்பாய் அடுப்பு யாருக்கு?

தூத்துக்குடியில் செராபின் என்றொரு கப்பல் பொறியாளர் இருந்தார். கப்பலில் கழித்துப் போட்ட இரும்புப் பீப்பாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, கம்பி வலை பதித்து, மூடியும் வைத்துத் தன் வீட்டுக் கொல்லையில் ஓர் அடுப்பு செய்திருந்தார். அதில் வாட்டிய மீனைத் தின்றவன் வேறு மீனைத் திரும்பிப் பார்க்க மாட்டான். அப்பேர்ப்பட்ட அடுப்பை விட்டுவிட்டு மனிதர் சென்னையில் அடுக்குமாடிக்குக் குடிபோகப் போகிறார்! அங்கே கொசுவர்த்தி கொளுத்தினாலே பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்களாம்.

அடுப்பு வேண்டுமென்று மூன்று பேர் வந்து நின்றார்கள். முதலாமவள் தங்கை டெல்பின். அடுத்த மாதம் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். "எங்க வீட்டில் முழுச் சீலா மீனைப் புகையேற்றி வாட்டித்தான் பரிமாறுவோம்" என்று சம்பந்தியம்மாளிடம் வாயை விட்டிருந்தாள். அந்த அம்மாளோ அதை ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். இப்போது அடுப்பு கிடைக்காவிட்டால் டெல்பின் தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். இரண்டாமவள் தம்பி மனைவி ரொசிட்டா. மூன்றாமவன் செராபினின் மைத்துனன் டாமியான். கோயிலில் பாட்டுக்குழு நடத்துகிறவன். சமையலுக்கும் அவனுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது, ஆனால் சும்மா வருவதை விடவும் மனமில்லை.

செராபின் நிபந்தனை போட்டார். "மீன் ஒண்ணு, அடுப்பு ஒண்ணு. கரி மட்டும் ஆளுக்கு ஒரு சாக்கு கொண்டு வாங்க. எதை எப்போ போடணும்ங்கிறது உங்க பாடு. புகைக்குக் கொய்யா விறகு நான் தர்றேன். மீன் நல்லா வந்தா, அதுக்குச் சரியான கரியைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கு அடுப்பு. பாழாப்போச்சுன்னா பழைய இரும்புக் கடைக்கு!"

டெல்பின் நேரே கரிக்கடைக்குப் போனாள். கருவேலங்கரியை ஒவ்வொரு துண்டாகத் தட்டி, கணீரென்று ஒலித்ததை மட்டும் எடுத்தாள். ஈரத்தையும் தூளையும் ஒதுக்கினாள். "கரி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களாக்கா?" என்று கடைக்காரரே சலித்துக்கொண்டார். ரொசிட்டா தன் அண்ணனின் எண்ணெய் ஆலையில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைக் கரியை அப்படியே அள்ளிக் கட்டிக்கொண்டு வந்தாள். டாமியான் கொண்டு வந்தது, கோயில் அலமாரியில் இருந்த தூபக் கலசக் கரி! சாம்பிராணி போடுவதற்கென்றே, சட்டென்று பற்ற வெடியுப்பு கலந்து வரும் வட்ட வில்லைகள்.

"ஏல, மீன் வாட்டப் போறியா, மீனுக்கு அடக்கப் பூசை பண்ணப் போறியா?" என்றாள் டெல்பின்.

"சிரிங்கக்கா, சிரிங்க" என்றான் அவன்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கொல்லையில் கூடினார்கள். டெல்பினின் கருவேலங்கரி முதலில் விழுந்தது. கடற்காற்றில் அது பிடிக்கவே இல்லை. விசிறி விசிறி அவள் தோள்தான் வலித்தது. டாமியான் நாலைந்து வில்லைகளைச் செருகி ஒரு தீக்குச்சியைக் கிழித்தான். படபடவென்று பொறி பறந்தது! கருவேலமும் சேர்ந்து செக்கச்செவேலென்று பற்றிக்கொண்டது. ஆனால் கொல்லை முழுக்கத் தீபாவளி வெடிநாற்றம். அது போகும்வரை காத்திருந்து, கங்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் மீனைக் கிடத்தி மூடினார்கள். கொய்யாப் புகை கிளம்பியதும், மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுத் தலைகள் முளைத்தன.

பாதி வேக்காட்டில் டெல்பின் மூடியைத் தூக்கினாள். வீராவேசமாக எரிந்த கருவேலம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. நடுமுள்ளருகே மீன் இன்னும் பச்சை. அவள் சாக்கு காலி. இறால் என்றால் இந்நேரம் வெந்திருக்கும். இவ்வளவு பெரிய சீலாவுக்கு அந்த அவசரத் தீ ஆகவில்லை.

டாமியான் காதருகே வந்தான். "என் கரியைப் போடுங்கக்கா, ஒரே நிமிஷம்! நான் ஜெயிச்சா நிச்சயத்துக்கு அடுப்பு உங்களுக்குத்தான்."

ரொசிட்டா நாற்காலியை விட்டு எழவில்லை. "என் சாக்கு அந்தா கிடக்கு மதினி. எடுத்தா அடுப்பு எனக்கு. அப்புறம் இரவல் கேட்டு வரக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

சம்பந்தியம்மாள் முகம் டெல்பினின் கண்ணுக்குள் வந்து போயிற்று. வில்லைகளோடு நீண்ட டாமியானின் கையைத் தட்டிவிட்டாள். சிரட்டைக் கரியை இரு கையாலும் அள்ளிக் கங்கின்மேல் பரப்பி, மூடியைச் சாத்தினாள். அது ஆர்ப்பாட்டமே இல்லாமல், புகையில்லாமல், ஒரே சீராகக் கனன்றது.

மீன் வெளியே வந்தபோது மேல்தோல் பொன்னிறம், உள்ளே பூப்போலப் பிரிந்தது. மதில்மேல் தலைகள்கூடக் கைதட்டின!

"பத்த வச்சது என் கரி" என்றான் டாமியான்.

"வேக வச்சு முடிச்சது என் கரி" என்றாள் ரொசிட்டா.

"முதல் பாதி?" என்றாள் டெல்பின்.

செராபினின் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: அடுப்பு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: டெல்பினுக்கு. கரி யாருடையது என்று செராபின் கேட்கவில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்தது யார் என்றுதான் கேட்டார். டாமியான் கைக்கு எட்டியதை எடுத்து வந்தான். ரொசிட்டா கிடந்ததை அள்ளி வந்தாள். டெல்பின் கடையில் தேர்ந்தது இந்த மீனுக்குத் தவறுதான். ஆனால் அடுப்பருகே, அடுப்பு கை விட்டுப் போகும் என்று தெரிந்தும் மீனுக்கு எது வேண்டுமோ அதையே எடுத்தாள். அந்தத் தேர்வுதான் மீனைக் காப்பாற்றியது. செராபினும் இதையே சொன்னார். தீர்ப்பைக் கேட்ட ரொசிட்டா, நடுத்துண்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். டெல்பின் வாசல்வரை ஓடிப்போய்க் கத்தினாள்: "ஏ ரொசி, கோவிச்சுக்காதடி! நிச்சயத்துக்கு ரெண்டு சாக்கு சிரட்டைக் கரி வேணும்!"